மதாம் கழற்றிய பின் கைப்பிடி

ஒரு பொருளைப் பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர், அதன் பின் கைப்பிடியை மட்டும் ஏன் கழற்றி எடுத்துக்கொண்டு போகவேண்டும்?

மூன்று வருடமாக யோசிக்கிறேன். அந்தப் பொருள் பையோடு பரணில் இருந்தவரை இது ஒரு வேடிக்கையான யோசனையாகத்தான் இருந்தது. இப்போது பை கீழே இறங்கிவிட்டது. என் மகளுக்கு ஒன்பது வயது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கப் போவதாக அவள் முடிவு செய்துவிட்டாள். அதற்குள் காலியாக இருக்கும் இடத்தில் ஏதாவது ஒரு கைப்பிடியை நான் பொருத்தியாக வேண்டும். எதைப் பொருத்துவது என்று சொல்லக்கூடிய ஆள், எங்கள் மாடியில் குடியிருந்து அதைக் கொடுத்துவிட்டுப் போன மதாம்தான். அவரிடம் கேட்டும் ஏன் பயனில்லை என்று உங்களுக்குப் புரியவேண்டுமானால், அவர் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

பொருள் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். அது காற்றடைத்த ஒரு சிறகு. விங் என்கிறார்கள். காலாப்பட்டுப் பக்கம் பிற்பகலில் கடற்கரைக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். ஒருவர் பலகைமேல் நின்றுகொண்டு, பெரிய வௌவாலைப் போன்ற ஒன்றை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்தபடி போவார். பலகைக்கு அடியில் குட்டி விமானம் போல ஒரு தகடு இருக்கும். வேகம் கூடியதும் பலகை தண்ணீரை விட்டு எழும்பி, சத்தமே இல்லாமல் மிதந்து போகும். விங்கின் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு குழாய். அதில் முன்னால் ஒரு கைப்பிடி, பின்னால் ஒரு கைப்பிடி. முன் கை விங்கைத் தாங்குகிறது. பின் கை இழுத்தால் காற்று நிறைந்து வேகம் வருகிறது. பின் கையை விட்டால் விங் கொடியைப் போலப் படபடத்துக்கொண்டு சும்மா கிடக்கும். ஸ்கூட்டருக்கு ஆக்ஸிலேட்டர் எப்படியோ, விங்குக்குப் பின் கைப்பிடி அப்படி. மதாம் என் மகளுக்கு ஆக்ஸிலேட்டர் இல்லாத ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உழவர்கரையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப் போர்ஷனுக்கு அவர் வந்தபோது என் மகளுக்கு மூன்று முடிந்து நான்கு நடந்துகொண்டிருந்தது. மதாமுக்கு ஐம்பதைத் தொடும் வயது. குள்ளம். முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பார். ஊர் புதுச்சேரிதான், ஆனால் கல்யாணமானதிலிருந்து பிரான்சில் இருந்தவர். கணவர் அந்நாட்டுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்று அங்கேயே இருந்தார். குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கவேண்டும், இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் மதாம் வந்தார். பாகப்பிரிவினை இழுத்துக்கொண்டே போனது. அவரும் கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தார். அவருடைய உடன்பிறந்தவர்கள் வக்கீலைப் பார்க்கப் போகிற நாட்களில் மதாம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வந்த வாரத்தில், மரியாதைக்கு ஒரு சின்னத் தூக்கில் மீன் குழம்பு கொடுத்தேன். மறுநாள் தூக்கு திரும்பி வந்தது. பளபளவென்று கழுவி, உள்ளே இரண்டு ஆரஞ்சுப் பழம் போட்டு. கைப்பிடிக் கம்பியில் மட்டும் நீல நிறத் துணி டேப் சுற்றியிருந்தது.

"கையை அறுக்குதும்மா உங்க தூக்கு. எப்படித் தூக்கறீங்க?"

"பழகிடுச்சு மதாம்."

"வலிக்கற பிடி பழகக்கூடாது. அப்பறம் எது வலிக்குதுன்னே தெரியாம போயிடும்."

தூக்கு என் அம்மா கொடுத்தது. அதில் ஒருவர் கேட்காமல் டேப் சுற்றியதற்குக் கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் சிரித்துவைத்தேன். உண்மையில் அதற்குப் பிறகு அந்தத் தூக்கு கையை அறுக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் வீட்டுக்குள் போனால் கடையில் வாங்கியபடியே இருந்த கைப்பிடி ஒன்றுகூடக் கிடையாது. குக்கர் பிடியில் சைக்கிள் டேப். தண்ணீர் வாளியின் கம்பியில் தோட்டத்து ரப்பர் குழாயை வெட்டிச் செருகியிருப்பார். துடைப்பத்தின் அடியில் ஒரு டென்னிஸ் பந்து. தோசைக் கரண்டியின் காம்பு நீளம் என்று அறுத்துக் குட்டையாக்கி, பிறகு சூடு அடிக்கிறது என்று மறுபடி ஒரு மரத்துண்டை வைத்துக் கட்டியிருந்தார். காலாப்பட்டுப் பஸ்ஸில் ஏறினால் உடனே உட்கார மாட்டார். மேலே தொங்கும் பிடிகளை வரிசையாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே பின்னால் போவார். ஒருமுறை கண்டக்டர், "மதாம், பஸ்ஸ வெலைக்குக் கேக்கறீங்களா?" என்று கேட்டார். மாதா கோயிலில் காணிக்கை எடுக்கிற பையின் கம்பு வழவழவென்று இருக்கிறது, எடுப்பவருக்குக் கை வழுக்கும் என்று பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய்ச் சொன்னாராம். சாமியார் ஆசீர்வாதம் செய்து அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் விங் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் பார்த்த விங்கில் துணிப் பிடிகள் இருந்தன. பள்ளிக்கூடப் பையின் பட்டை மாதிரி, கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்தது. மடித்தால் மடங்கும், தலையில் இடித்தால் வலிக்காது. மதாம் அதை மொட்டைமாடியில் காற்றடித்து வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார். நான் துணி காயப்போட வந்தவள், ஈரத்துணி கையில் சொட்டச் சொட்டக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காத்து இழுக்கும்போது இந்தப் பட்டை முறுக்கிக்குதும்மா. கை மணிக்கட்டோட திரும்புது. நான் எடப்பக்கம் போன்னா அது யோசிச்சுத்தான் போவுது. பட்டை முதல்ல இழுபடணும், அப்பறம் விங்குக்குச் சேதி போவணும்."

அடுத்த முறை அவர் பிரான்சிலிருந்து வரவழைத்த விங்கில் கெட்டிப் பிடிகள். கருப்புக் குழாய், மேலே மெத்தென்று நுரை. "வ்வாலா" என்றார் மதாம். இதுதான் என்று அர்த்தம். அந்த வார்த்தையை அவர் அடிக்கடி சொல்வார், ஒவ்வொரு முறையும் கடைசி முறை போலவே சொல்வார். ஒரு வாரம் அந்தக் கெட்டிப் பிடியைப் பற்றிப் புகழ்ச்சி. நினைத்தவுடன் திரும்புகிறது, விரலால் சொன்னால் போதும் என்றெல்லாம். அதற்கடுத்த வாரம், "இது ஆம்பளைங்க கைக்குச் செஞ்சதும்மா. என் விரல் சுத்தி வந்து சேரவே மாட்டேங்குது. முழங்கைல வந்து வலிக்குது" என்றார். சமையல் கத்தியால் நுரையைச் சீவி எடுத்தார். சீவியதும் குழாய் வழுக்கியது. வழுக்கியதற்கு டேப் சுற்றினார். டேப் சுற்றியதும் பழையபடி தடித்துவிட்டது.

பிறகு இரண்டு பிடியையும் எடுத்துவிட்டு நீளமாக ஒற்றைக் கம்பி. கையை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம் என்பது அதன் பெருமை. மதாமுக்கு அதுவே குறையாகிவிட்டது. "எங்க வேணாலும் பிடிக்கலாம்னா, நான் எங்க பிடிக்கறதுன்னு யோசிச்சுக்கினே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி துணிப் பிடிக்கு வந்தார்.

என் கணவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். மாலையில் பைக்கை நிறுத்தும்போது மாடிப்படியில் மதாமைப் பார்த்தால், "இந்த மாசம் எந்தக் கட்சி மதாம்?" என்பார்.

"கெட்டிப் பிடி."

"போன மாசம் துணிதானே?"

"அது கூட்டணி."

"நம்ம ஊரு எம்எல்ஏங்களே உங்ககிட்ட ட்யூஷன் வரணும் மதாம்."

மதாம் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். தான் கட்சி மாறுவதாகவே அவர் நினைக்கவில்லை. கை மாறுகிறது என்பது அவர் வாதம். வெயில் நாளில் கை வீங்கியிருக்கும், மழைநாளில் சுருங்கியிருக்கும், வயசு ஏறினால் விரல் மூட்டு தடிக்கும், அப்போது பிடி மட்டும் ஏன் அப்படியே இருக்கவேண்டும் என்பார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தபிறகுதான், இந்த நியாயத்தோடு ஒருவர் எப்படி ஒரு குக்கரை வாங்குவார் என்று தோன்றும்.

ஒருநாள் விங்கை என் கையிலும் கொடுத்தார். சும்மா பிடித்துப் பாருங்கள், உங்கள் கைக்கு எந்தப் பிடி என்று பார்க்கலாம் என்றார். நான் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள். கேஸை மூடிவிட்டுத் தெருமுனை போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள். ஆகவே இறுக்கிப் பிடித்தேன்.

"அது கோழிக் கழுத்து இல்லம்மா" என்றார் மதாம். "விரலால பிடிங்க. கொக்கி மாதிரி. கட்டை விரல்கூட வேணாம்."

கட்டை விரல் இல்லாமல் எப்படிப் பிடிப்பது என்று நான் கேட்பதற்குள் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. விங் நிறைந்தது. நான் அதன் பின்னாலேயே இழுபட்டுப் போனேன். கொடிக்கயிறு அறுந்தது, துணிகள் எல்லாம் விங்மேல் விழுந்தன, நான் தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டி நின்றேன். மதாம், "பின் கையை விடுங்க, பின் கையை விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அது காதில் விழுந்தது. கைக்குத்தான் விழவில்லை. விரல்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. பிரித்து முடித்ததும் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "உங்களுக்குத் துணிப் பிடி ஆவாது. கெட்டிப் பிடியும் ஆவாது" என்று தீர்ப்பு சொன்னார். என் கணவரின் சட்டை ஒன்று பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதை நான்தான் போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் முழுக்க நிம்மதியாகப் பிடித்தது என்று சொல்லமுடியாது. அதற்குக் காரணம் பீச் ரோட்டில் நடந்த ஒரு விஷயம்.

சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் குழந்தையோடு அங்கே நடக்கப் போவோம். அன்று மதாமும் வந்தார். என் கையில் பை இருந்ததால், "இவ கையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க மதாம்" என்றேன். மதாம் குனிந்து, தன் ஐந்து விரலையும் குழந்தையின் முன்னால் விரித்துக் காட்டினார்.

"எது வேணும் குட்டி?"

என் மகள் கடையில் வாழைப்பழம் பார்ப்பதுபோல ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வ்வாலா. இந்தக் கைக்குச் சுண்டுவிரல்தான் அளவு" என்றார் மதாம், ஏதோ ஆராய்ச்சி முடிந்ததுபோல.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு பலூன்காரர் வந்தார். என் மகள் விரலை விட்டுவிட்டு ஓடினாள். ஓடியவள் பலூன்காரரைத் தாண்டி, கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கற்கள் பக்கம் போனாள். பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவளை வாரிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் மதாம் அதே நடையில் வந்துகொண்டிருந்தார். சுண்டுவிரல் இன்னும் நீட்டியபடி இருந்தது. குழந்தை என் இடுப்பிலிருந்து இறங்கி, போய் அதை மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பிடிச்சிருக்கலாமே மதாம்."

"நான் பிடிச்சா அவ கை எனக்குள்ள இருக்கும். அவ பிடிச்சா விரல் அவளுக்குள்ள இருக்கும். ரெண்டும் வேற வேற டிசைன்மா."

அவள் கல்லில் விழுந்திருந்தால் எந்த டிசைன் அவளைத் தூக்கியிருக்கும் என்று கேட்கவேண்டும்போல இருந்தது. அந்த வாரம் முழுக்க மாடிக்குக் குழம்பு போகவில்லை. மதாம் அதைக் கவனித்தாரா தெரியாது. கவனித்திருந்தாலும் தூக்கின் டேப் எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார். ஏனென்றால் அடுத்த வாரம் வந்து, "வேற கலர் வேணுமாம்மா?" என்று கேட்டார்.

அவர் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மகள் ஸ்கூல் வேனில் ஏறும்போதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்துத்தான் ஏற்றிவிடுகிறேன். விரலைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று சில நாள் தோன்றும். வேன் வந்துவிடும்.

மதாம் கடலில் போவதை நாங்கள் நேரில் பார்த்தது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைதான். காலாப்பட்டுக்கு அப்பால், மீனவர் கிராமத்தை ஒட்டிய கரை. தெற்கிலிருந்து நல்ல காற்று. மணலில் நின்றிருந்த குள்ளமான மனுஷி, தண்ணீரில் இறங்கிச் சிறிது நேரத்தில் எழும்பிப் போனதைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் மகள், "மதாம் தண்ணியத் தொடவே இல்லம்மா" என்றாள். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைத் தொடாமலே கடல்மேல் போகலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் அவர் நின்றுவிட்டார். பலகைமேல் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தார். உட்கார்ந்தபடியே வடக்கே போய்க்கொண்டிருந்தார், சிறியதாகிக்கொண்டே.

"என்னங்க ஆச்சு அவங்களுக்கு?" என்று என் கணவரைப் பிடித்து உலுக்கினேன்.

என் கணவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "ஏதோ ரிப்பேர் பண்றாங்க" என்றார்.

அதுதான் நடந்தது. கழுத்தில் சிலுவையோடு சேர்த்து பிடிகளின் திருகாணியைக் கழற்றும் ஓர் ஆறுபட்டைச் சாவியைக் கோத்துப் போட்டிருப்பார். நடுக்கடலில், பின் கைப்பிடி இரண்டு விரற்கடை முன்னால் இருந்தால் தேவலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கரைக்கு வந்து செய்யலாம். ஆனால் கரைக்கு வருவதற்குள் கைக்கு அந்த உணர்வு மறந்துபோய்விடுமாம். ஆகவே உட்கார்ந்து கழற்றினார். முதல் திருகாணி கடலில் விழுந்தது. அதைப் பிடிக்கப் போனதில் இரண்டாவதும் விழுந்தது. பிறகு கைப்பிடியே போய்விட்டது.

கரையில் படகு வைத்திருந்த ஓர் அண்ணனிடம் ஓடினோம். அவர் இஞ்சினை இழுத்துவிட்டுப் போனார். மதாமை அவர் பிடித்தபோது மதாம் கனகசெட்டிக்குளத்தையும் தாண்டி, புதுச்சேரி எல்லையைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் போயிருந்தார். பலகைமேல் குப்புறப் படுத்து, முன் பிடியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் துடுப்புப்போலத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தாராம்.

படகிலிருந்து இறங்கும்போது அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார்: "இன்னா மதாம், கடலுக்குள்ளயா மெக்கானிக் ஷாப்பு வெப்பாங்க? காத்து இன்னும் கொஞ்சம் பலமா இருந்தா மெட்ராஸ்ல போய்த்தான் எறங்கியிருப்பீங்க."

"பஸ் செலவு மிச்சம்" என்றார் மதாம். அவர் பார்வை படகின் இஞ்சின் கைப்பிடியில் இருந்தது. "அண்ணே, இது கையைக் கிழிக்கலையா உங்களுக்கு?"

"கிழிக்கும். மீனு புடிக்கப் போறவன் கை வேற எப்படி இருக்கும்?"

அடுத்த வாரம் மதாம் போய் அதற்கு டேப் சுற்றிவிட்டு வந்தார். அவரிடம் மீதி இருந்தது ரோஸ் நிறம் மட்டும்தான். அண்ணனை அந்தக் கரையில் இருக்கிறவர்கள் பல மாதம் கிண்டல் செய்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். டேப்பை மட்டும் அவர் எடுக்கவில்லை.

பாகப்பிரிவினை ஒருவழியாக முடிந்தது. பிரான்சில் மதாமின் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. கிளம்புகிற நாள் காலையில் நீளமான பை ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் சாய்த்து வைத்தார். பலமான காற்றுக்கென்று வாங்கிய மிகச் சின்ன விங் அது. "குட்டிக்கு" என்றார். "கை வளந்ததும் குடுங்க." என் மகளின் கையை எடுத்து, கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்துப் பார்த்தார். என் கையையும் பிடித்தார். கட்டை விரலைச் சேர்க்காமல், கொக்கி மாதிரி. பிறகு டாக்ஸி வந்துவிட்டது.

பையைத் திறந்து பார்த்தது அன்று மாலைதான். பின் கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள். உப்பும் மண்ணும் போகாமல் இருக்க மெழுகுவத்தி மெழுகை உருக்கி அவற்றை நேர்த்தியாக அடைத்திருந்தார். ஆகவே மறதி இல்லை. வேண்டுமென்றே செய்தது.

குழந்தை முதலில் முன் கையால் மட்டும் விங்கைத் தாங்கப் பழகட்டும், வேகம் பிறகு என்று நினைத்தாரா? அது நான் விரும்பும் விளக்கம். எந்தப் பிடி என்று முடிவு செய்யமுடியாமல் கழற்றி, அப்படியே அடைத்துவிட்டாரா? அது நான் நம்பும் விளக்கம். என் கணவரின் விளக்கம் வேறு. "அவங்க பெட்டிப் பிடி அவங்களுக்குப் புடிக்கல. இதைக் கழட்டி அதுல மாட்டிக்கினு போயிருப்பாங்க."

சில மாதம் கழித்து வீடியோ காலில் கேட்டேன். மதாம் மடியில் பேரனை வைத்திருந்தார்.

"நானா கழட்டினேன்?" என்றார். "ஞாபகமே இல்லையேம்மா." கொஞ்சம் யோசித்தார். "ஆனா நல்ல யோசனையா இருக்குல்ல?" அதன்பிறகு குழந்தையின் பால் பாட்டிலைக் கேமராவுக்கு முன்னால் நீட்டி, அதன் இரண்டு பக்கப் பிடிகளும் எந்த முட்டாளால் வடிவமைக்கப்பட்டவை என்று வெகுநேரம் விளக்கினார். என் மகளுக்கு எந்தப் பிடி போடலாம் என்று போன வாரம் மறுபடி கேட்டேன். முதலில் துணி என்றார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கெட்டி என்றார். இரவு ஒரு குரல் செய்தி வந்தது: "நான் அவ கையைப் பாத்து மூணு வருஷம் ஆச்சும்மா. பாக்காத கைக்கு நான் எப்படிச் சொல்றது?"

பார்க்கிற கை என்னிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

என் மகள் நன்றாக நீந்துவாள். அந்த விஷயத்தில் மட்டும் நான் யாரையும் இரண்டாவது முறை கேட்காமல் அவளை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டேன். கடற்கரையில் விங் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற தம்பி பொறுமையானவர். லைஃப் ஜாக்கெட், தலைக்கவசம், விங்கையும் இடுப்பையும் சேர்க்கும் கயிறு எல்லாம் உண்டு. அவரிடம் இரண்டு வகைப் பிடியும் இருக்கிறது. எங்கள் விங்குக்கு இரண்டுமே பொருந்தும். வீட்டில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள் அக்கா என்று இரண்டையும் கொடுத்தனுப்பிவிட்டார். அவர் நல்லெண்ணத்தில் செய்தார். என்னைத் தெரியாது அவருக்கு.

கெட்டிப் பிடியைப் போட்டுப் பார்த்தேன். அவள் விரல்கள் சுற்றி வந்து சேரவில்லை. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒரு நகம் அளவு இடைவெளி. கை விட்டுப்போனால் பயமில்லை, கயிறு இருக்கிறது என்கிறார் தம்பி. எனக்கு அந்தப் பயம் இல்லை. சேராத விரலோடு பிடித்தால் கை சீக்கிரம் களைத்துவிடும், களைத்த குழந்தை கடலில் என்ன செய்வாள் என்பது ஒன்று. இன்னொன்று, விழும்போது அந்தக் குழாய் வாயில் இடித்தால்? அவளுக்கு முன்பற்கள் இப்போதுதான் முழுதாக வந்திருக்கின்றன.

துணிப் பிடியைப் போட்டேன். விரல்கள் அழகாகச் சேர்ந்தன. வாயில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அவள் விளையாட்டாகக் கையை உள்ளே தள்ளினாள், கை மணிக்கட்டு வரை போய்விட்டது. திரும்பி வரும்போது கட்டைவிரல் மூட்டில் ஒரு நொடி நின்றது. ஒரு நொடிதான். "அப்படி யாருக்கும் மாட்டினதில்ல அக்கா, இதுவரைக்கும்" என்கிறார் தம்பி. இந்த "இதுவரைக்கும்" என்கிற சொல்லை எவர் சொன்னாலும் நான் மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்துவிடுவேன். கெட்டிப் பிடியை அவள் விட்டுவிடக்கூடும். துணிப் பிடி அவளை விடாமல் இருக்கக்கூடும்.

நேற்று மாலை கெட்டிப் பிடியின் நுரையைச் சமையல் கத்தியால் கொஞ்சம் சீவிப் பார்க்கலாமா, அல்லது துணிப் பிடியின் வாயைக் குறுக்கித் தைத்துவிடலாமா என்று இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் உள்ளே வந்து பார்த்தார்.

"ஏய், நீ மதாம் ஆயிட்ட" என்றார்.

"சும்மா இருங்க. உங்களுக்கு எதுன்னு தோணுது?"

"எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கெழம அவ எறங்கிடுவா. எதைப் போட்டா நீ நிம்மதியா கரைல நிப்பன்னு பாரு."

என் மகள் என்னைத் தாண்டிப் போய் விங்கை எடுத்தாள். பின்னால் ஒன்றும் இல்லாமலே முன் பிடியில் நான்கு விரலை மாட்டித் தூக்கி, கூடத்தில் ஒரு சுற்று நடந்தாள். கட்டை விரல் வெளியே இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதே வீட்டு மொட்டைமாடியில் நான் தண்ணீர்த் தொட்டியில் முட்டியபோது அவள் பக்கத்தில்கூட இல்லை.

"அம்மா, உன் கைக்கு எது வேணும்னு பாக்கறியா, என் கைக்கா?" என்று கேட்டாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டலில்லை, சந்தேகம்தான். என்னிடமும் அதே சந்தேகம் இருப்பதால் அவள் கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் கடலிலோ ஏரியிலோ பிள்ளைகளை விங்கோடு இறக்கிவிட்ட பெற்றோர் யாராவது இருக்கக்கூடும். நீங்களே சிறு வயதில் பழகியிருக்கலாம், அல்லது சிறிய கையோடு இப்போதும் ஓட்டுகிறவராக இருக்கலாம். ஒன்பது வயதுக் கை, விரல் சுற்றி வந்தால் நகமளவு குறைகிறது, பட்டையில் விட்டால் மணிக்கட்டு வரை போகிறது. நுரையைச் சீவுவதா, பட்டையைக் குறுக்கித் தைப்பதா? அல்லது மெழுகு மெழுகாகவே இருக்கட்டும் என்று முன் பிடியோடு மட்டும் இறக்கிவிடுவதா? சனிக்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும். அவளை அனுப்பவே வேண்டாம் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதை எனக்கு நானே போதுமான அளவு சொல்லிப் பார்த்துவிட்டேன், அனுப்புவதாகத்தான் இருக்கிறேன். கைப்பிடியை மட்டும் சொல்லுங்கள்.